ரேடார் பார்க்காத மழை

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்சுவர் இடிந்தது. யாருக்கும் காயமில்லை. அன்று எவ்வளவு மழை என்று விசாரணைக் குழு கேட்டது. திருவனந்தபுரத்தில் மழை ஆய்வு செய்யும் கிருஷ்ணவேணி செயற்கைக்கோள் ரேடாரின் கணக்கைப் பார்த்து, லேசான தூறல்தான் என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியானால் லயத்துக்குப் பின்னால் அங்கே குடியிருக்கும் தொழிலாளி ராஜமணி வெட்டிய ஓடைதான் காரணம் என்று முடிவாயிற்று.

ஓணம் கழிந்து வேறு வேலையாக அதே கணக்கைத் திறந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலை மழையின் அலையை மூழ்கடித்துவிடும். அதனால் அங்கே தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரை ரேடார் சொல்வதை நம்ப முடியாது. போனக்காட்டு மழை பல நாள் அதற்குக் கீழேயே திரண்டு கொட்டும். போதாததற்கு, செயற்கைக்கோள் கடந்தது காலையில். சுவர் விழுந்தது சாயங்காலம். இதெல்லாம் அவளே மாணவர்களுக்கு நடத்தும் பாடம்.

குழுவுக்குத் திருத்தம் அனுப்பினாள். அதோடு விட மனம் வராமல் போனக்காட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ராஜமணியின் மனைவி சுடலைமாடத்தி அடுக்களையில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஓடை என்னாச்சும்மா?"

"அவரே மூடிட்டாரு மேடம். எல்லாரும் உன்னாலதான்னு பறஞ்சா பின்ன என்ன செய்ய? இப்ப தண்ணி நேரே உள்ள வருது."

வேலை முடிந்து வந்த ராஜமணியிடம் கிருஷ்ணவேணி விவரத்தைச் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப என் ஓடையால சுவரு விழல்லியா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. பெரிய மழை இல்லைன்னு நான் எழுதினது தப்பு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் யோசித்தார். "எங்கிட்ட மாத்திரம் சொன்னா போதாது. இவங்ககிட்டயும் சொல்லுங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"அன்னைக்கு எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். நின்னு கொட்டிச்சு" என்றாள் ஒருத்தி, கோபமில்லாமல்.

அந்தக் கோபமில்லாத குரல்தான் கிருஷ்ணவேணியைக் கூசவைத்தது. ராஜமணி மம்பட்டியை எடுத்துக்கொண்டு, மூடிய ஓடையை மறுபடி வெட்டப் பின்பக்கம் போனார். இரண்டு பேர் கூடவே போனார்கள். அவளை இருக்கச் சொல்லவோ போகச் சொல்லவோ யாருமில்லை.

பிறகு குழு, காரணம் உறுதியாகவில்லை என்று அறிக்கையை மாற்றியது. ராஜமணியின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கிருஷ்ணவேணி போனில் சொன்னாள்.

"சரி மேடம்" என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.