வலிக்காத மெயில்

குமுதவல்லியின் ஊரில் போனை எடுத்தால் அடி விழும். கூப்பிட்டவருடைய கை போனுக்குள்ளிருந்து வெளியே வந்து ஓங்கி ஒன்று வைக்கும். பிறகுதான் பேச்சு. எவ்வளவு பிரியமோ அவ்வளவு பலம். கடன் அட்டை விற்கிற பெண்கள் சும்மா கிள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பெரியம்மா கூப்பிட்டால் புருவம் கிழியும்.

இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கண் வீங்கி வேலைக்கு வருகிறவனிடம், "என்னப்பா, மாமியாரா?" என்பார்கள். அவனும் வெட்கத்தோடு சிரிப்பான். முகத்தில் கீறல்கூட இல்லாத ஆளைப் பார்த்தால்தான், பாவம், நாதியில்லை என்று உச்சுக் கொட்டுவார்கள்.

குமுதவல்லியின் முகத்தில் கீறல் இல்லை. அவள் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை, அதனால் அவளையும் யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்கு எல்லாமே மெயில்தான். பால்காரருக்கு மெயில், மாடி வீட்டுக்கு மெயில், சமையலறையிலிருந்து கூடத்தில் இருக்கும் கணவனுக்கு மெயில். அடிக்குப் பயப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. அதெல்லாம் இல்லை. அடி வாங்கிவிடலாம், பிடித்தவர்களை அடிக்கத்தான் அவளுக்கு மனசு வராது. மகள் மகிழினி பிறந்த அன்றைக்கே குழந்தைக்கும் ஒரு மெயில் முகவரி எடுத்து வைத்துவிட்டாள்.

மகிழினிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வீரபத்திரனுக்கு நாள், நேரம், கோயில் எல்லாம் எழுதி, மூலையில் மஞ்சள் தடவின மாதிரி நிறம்கூட வைத்து மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. கணவன் திருவேங்கடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"உங்கண்ணன் வர மாட்டாராம்."

"ஏனாம்? மெயில் போகலியா?"

"போயிருக்கு. படிச்சாராம். வலிக்கவே இல்லியாம்."

"நீங்க நேர்ல கூப்பிட்டீங்கள்ல?"

"நேர்ல கூப்பிட நாம என்ன அந்நியமான்னு கேக்குறாரு. போனைப் போடு குமுதா."

மாமன் மடி கிடைக்காத பிள்ளை என்று மகிழினியைக் காலத்துக்கும் பேசுவார்கள். குமுதவல்லி போனைப் போட்டாள்.

கை முழங்கை வரை உள்ளே போனது. உள்ளே ஈரமாக, குளிராக இருந்தது. அண்ணனின் தாடை தட்டுப்பட்டது. லேசாகத் தட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். கை கேட்கவில்லை. இத்தனை வருஷப் பாசமும் ஒரே குத்தாக இறங்கியது. எலும்பு முறிந்தது. அங்கே நாற்காலி சரிந்து, பாத்திரங்கள் உருண்டன. அவளுக்கு அது இனித்தது. அதை நினைத்துத்தான் அழுதாள்.

"அண்ணே, காதுகுத்துக்கு வந்துருண்ணே."

"வராம?" அண்ணனின் வாயில் ரத்தம் கொழகொழத்தது. "இப்பத்தான் கூப்பிட்ட மாதிரி இருக்கு தாயி."

தாடையில் கட்டோடு வந்தான். சீர்த்தட்டில் பட்டுப் பாவாடை, தோடு, வாழைப்பழம். வெற்றிலை மேல் அவனுடைய இரண்டு பல். சொந்தக்காரர்கள் பல்லைக் கைமாற்றிப் பார்த்தார்கள். "வேரோட வந்திருக்கு. தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்றார் ஒருவர். குமுதவல்லி பல்லைக் கையில் வாங்கவில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மகிழினி மாமன் மடியில் இருந்தாள். ஆடாமல் இருக்கட்டும் என்று மாமன் தன் போனைக் கையில் கொடுத்திருந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது. புதுப் பாவாடையில் ரத்தம் சொட்டியது. "அம்மா! அம்மா!"

குமுதவல்லி தூணோரமாக வேகவேகமாக எழுதினாள். 'அழாதே கண்ணு. அம்மா இங்கேதான் இருக்கேன்.' அனுப்பினாள். மகிழினிக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

ஆசாரி மறுகாதைப் பிடித்தார். மகிழினி திமிறினாள். மாமன் போனில் அம்மாவின் படம் தெரிந்தது. அதை அழுத்தினாள்.

தூணுக்குப் பின்னால் போன் அடித்தது. மேளம் நின்றது. ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். திருவேங்கடம் ஓடி வந்தான்.

"எடுக்காத குமுதா. புள்ளைக்கு உன் மேல எம்புட்டுப் பிரியம்னு தெரியும்ல?"

தெரியும். குமுதவல்லி மூக்குத்தியைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். கண்ணாடியையும் கொடுத்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.