குளத்துக்கு முன் ஒரு குளியல்

மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் முக்கால் பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்; முழங்காலுக்குக் கால் பங்குதான் மிச்சம். அதனால்தான் முழங்கால் வலிக்கார வசந்தாமணியைத் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் டாக்டர். பக்கத்து வீட்டுக் காமாக்ஷி, அமெரிக்க ஊரான மான்மவுத் ஜங்ஷனின் தமிழ்ப் பெண்களை எல்லாம் எப்படியாவது நீச்சல் குளத்தில் இறக்கிவிடுவது என்று கங்கணம் கட்டியிருந்தவள், அன்றே இவள் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

நடப்பதில் பயமில்லை. பயமெல்லாம் அதற்கு முந்திய குளியலில்தான். வியர்வையும் எண்ணெயும் உடம்போடு வந்தால், குளத்துக் க்ளோரின் கிருமியை விட்டுவிட்டு அவற்றோடு மல்லுக்கட்டப் போய்விடும். ஆகவே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளிக்கும் இடத்தில் திரை கிடையாது. நடுவே ஒரு கம்பம், அதைச் சுற்றிக் குழாய்கள். கிழவிகள் பொட்டுத் துணியில்லாமல் நின்று பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டோரத்தி என்பவளுக்கு ஒரு மார்பு இல்லை. அந்த இடத்தில் குறுக்கே ஒரு தழும்பு. வசந்தாமணி சட்டென்று சுவரைப் பார்த்தாள்.

வசந்தாமணியின் இடுப்பில் வெண்திட்டுகள் இருந்தன. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் அங்கே வேலையை நிறுத்திவிட்டன, அவ்வளவுதான், ஒட்டுவதுமில்லை, வலிப்பதுமில்லை. ஆனால் கல்யாணப் பேச்சில் அதற்கு வேறு பெயர், வெண்குஷ்டம். அடுத்த மாதம் மகள் பிரீத்தியைப் பெண் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையின் அம்மா வான்மதி, காமாக்ஷியோடு தினமும் போனில் பேசுகிறவள்.

அதனால் ஊர் வழக்கப்படி, புது மெரூன் பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றாள். மலிவான சாயம் நூலைப் பற்றிக்கொள்ளாது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். வெந்நீர் பட்டதும் கழன்றது. கால் வழியே சிவப்பாக இறங்கி வெள்ளைத் தரையில் ஓடியது.

"ஷீ இஸ் ப்ளீடிங்," என்றாள் டோரத்தி.

கிழவிகள் சூழ்ந்துகொண்டார்கள். "நோ, நோ, ஒன்லி கலர்," என்று வசந்தாமணி சொல்வதற்குள், காயத்தைத் தேடி டோரத்தி இழுத்த இழுப்பில் முடிச்சு அவிழ்ந்தது. பாவாடை காலடியில் விழுந்தது.

காயம் இல்லை என்று தெரிந்ததும் கிழவிகள் சோப்பைத் தேடிப் போய்விட்டார்கள். வாசலில் நின்ற காமாக்ஷியின் கண் மட்டும் அவள் இடுப்பில் நின்றது.

திரும்பும்போது காமாக்ஷி கார் ஓட்ட, பக்கத்தில் இருந்த வசந்தாமணி கேட்டாள்.

"ஏனுங்கக்கா, வான்மதிகிட்டச் சொல்லிப்போடுவீங்களா?"

"எதை? கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா."

சொல்லிக்கொண்டே காமாக்ஷி லாவகமாக லேன் மாற்றினாள். அவள் கண்ணாடி போட்டு வசந்தாமணி ஒருநாளும் பார்த்ததில்லை.

காது மடல் எரிந்தது. அம்மணமாக நின்றபோதுகூட இவ்வளவு கூசவில்லை. டோரத்தியின் தழும்பைப் பார்க்காததுபோல் இவள் சுவரைப் பார்த்தாளே, அதே மரியாதையைத்தான் இப்போது காமாக்ஷி இவளுக்குச் செய்கிறாள்.

"நீங்க பாத்தீங்கக்கா. இடுப்புல வெள்ளை. அவங்க வர்றப்ப நானே சொல்லிப்போடறேன்."

காமாக்ஷி இண்டிகேட்டரைப் போட்டாள். "சரி. ஆனா அடுத்த செவ்வாக்கெழமை பாவாடை மட்டும் வேணாம். அந்தக் கெழவிங்க ஆம்புலன்ஸைக் கூப்டுடுவாங்க."

வசந்தாமணி தலை நிமிரவில்லை.

"சரிங்கக்கா," என்றாள்.