காட்டுக்குக் காவல் நின்ற நாள்

நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வாணியம்பாடியில் தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதுவரை தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியே கதியென்று கிடந்த சத்தியநாதனுக்கு ஆலங்காயம் மலைக்காட்டில் வேலை கிடைத்தது. அரசாங்கத்தின் காடு வளர்ப்புத் திட்டம். வேலையில்லாத ஆண்கள் குழி வெட்டி, வேம்பும் புங்கமும் நட வேண்டும். மண்ணைக் கெடுத்த கம்பெனியில் வேலை பார்த்தவனை மரம் நடச் சொல்கிறார்களே என்று முதல் நாளே அவனுக்குக் குழப்பம்தான்.

ஒருநாள் வனக்காவலர் அவன் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"இன்னிக்கு மண்வெட்டி எடுக்காத. மேல நின்னு பாரு. வெறகுக்கு எவளாவது வந்தா கட்டைப் புடுங்கிடு."

மதியம் புதர் அசைந்தது. சத்தியநாதன் விசிலடித்தான். முன்னால் வந்த பக்கத்து வீட்டுப் பூவம்மாள் விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் வந்தவள் ஓடவில்லை. அவன் மனைவி ஜெயபுஷ்பம்.

"இன்னாங்க, என்னையே புடிக்கப் போறீங்களா?"

"இங்க வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"நேத்து சோறு எதுல வெந்துச்சுன்னு நெனச்சீங்க?"

அவன் அதை நினைத்ததே இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டான். "வெறகு பச்சையா, காஞ்சதா?"

"பாத்தா தெரியல?" தலையிலிருந்த சுமையை அவன் காலடியில் போட்டுவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரண்டு கட்டுகளையும் சுமந்துபோய்க் காவலர் முன்னால் இறக்கினான். யாருடையது என்று கேட்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிருக்கே. அடுப்புல வை, எல்லாருக்கும் டீ போடலாம்."

"சார், எடுக்கக் கூடாதுன்னா நாம மட்டும் எரிக்கலாமா?"

"நாம சர்க்கார் வேலையில இருக்கோம்யா."

சத்தியநாதன் டீயைக் குடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்தபடியே நின்றான்.

மறுநாள் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

"பயந்துட்டியா?" என்று காவலர் சிரித்தார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த வாரக் கடைசியில் ஜெயபுஷ்பம் குழி ஓரமாக வந்து நின்றாள். "செடிக் கன்னு மிதிபடாம அந்தாண்ட சுத்திக்கினு வெறகுக்குப் போறோம். சரிதானே?"

"உம்" என்றான். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று பக்கத்துக் குழியில் இருந்தவனைப் பார்த்தான். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.