ஆறாம் கிணற்றுத் தண்ணீர்

லோகேஸ்வரனைச் சோம்பேறி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பெக்கோக் ஊருக்கு வெளியே, மூடிப்போன இரும்புச் சுரங்கத்தில் மண் கொட்டிப் புல் விதைத்து அக்கேசியா மரம் நட்டிருக்கிறார்கள். அடியில் ஓடும் நீர் கெடுகிறதா என்று பார்க்க எட்டு சோதனைக் கிணறுகள். கிணறு என்றால் கை நுழையும் அளவுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து லேப்புக்கு அனுப்புவது அவன் வேலை. ஏழு கிணறுகளில் அவன் வேலையைக் குறை சொல்ல ஆளில்லை.

ஆறாவதுதான் வம்பு பிடித்தது. குழாயில் தேங்கிக் கிடப்பதை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறுவதைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஆறாவது ஊற அரை நாள் ஆகும். அந்த வெயிலில் யார் காத்துக் கிடப்பது? தேங்கியதையே மொண்டு, படிவத்தில் 'இறைத்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் போட்டான். தேங்கிய தண்ணீரில் இரும்பு அடியில் படியும். ஆர்சனிக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். மேலே இருப்பது சுத்தமாகத்தான் தெரியும். இரண்டு வருட ரிப்போர்ட் அப்படித்தான் போனது.

இந்த முறை புது மேற்பார்வையாளர் கிறிஸ்டின் கூடவே வந்தாள்.

"ஊறட்டும் அண்ணே, வெயிட் பண்ணலாம் லா," என்று நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்தான் பாட்டில் நிறைந்தது.

மூன்றாம் வாரம் ரிப்போர்ட் வந்தது. ஆர்சனிக், குடிநீருக்கு அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு. கிறிஸ்டின் அன்றே சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதினாள். லோகேஸ்வரன் அந்தத் தாளை மூன்று முறை படித்தான். பயம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஆறாம் கிணற்றுக்கு நேர் கீழே சரிவில் இருப்பது அக்கா பிரேமலாவின் வீடு. பைப்பில் பாதி நாள் செம்மண் கலங்கல் வருகிறது என்று போர் போட்டு, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் அங்கிருந்துதான் குழாய்.

மறுநாள் காலையில் போனான். பிரேமலா மகள் லோஷினிக்குப் பசியாற ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயது.

"அக்கா, போர் தண்ணிய இனிமே குடிக்காதீங்க. விஷம் இருக்கு."

"காய்ச்சித்தானடா குடிக்கிறோம்?"

"காய்ச்சினாலும் போவாது."

"எப்ப வந்துச்சு?"

புதிதாக வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் தானாகவே உண்மையைச் சொன்னது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல.

"முன்னமே இருந்திருக்கும். நான் சரியா எடுக்கல. ரெண்டு வருஷமா பழைய தண்ணியத்தான் எடுத்து அனுப்பினேன்."

பிரேமலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாப்பாவுக்குப் பால் மாவு கலக்க இந்தத் தண்ணி ஆவுமான்னு உன்கிட்ட கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீதானே டெஸ்ட் பண்றவன்னு கேட்டேன்."

"ஆமாக்கா. ஆவும்னு சொன்னேன்."

அவள் கத்துவாள், அறைவாள் என்று காத்திருந்தான். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு வெளியே போனாள். வேலியோரம் நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"வெள்ளையம்மாக்கா! போர் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. விஷம் கலந்திருக்காம். என் தம்பிதான் கண்டுபிடிச்சான். தெரிஞ்சதும் நமக்காக ஓடி வந்திருக்கான்."

"ஐயோ, அலமாக்! நல்ல வேளை, நம்ம பிள்ளை ஒருத்தன் அங்க வேலைல இருக்கான். நீ நல்லா இருக்கணும் தம்பி!" என்று வெள்ளையம்மா வேலிக்கு அப்பாலிருந்து அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பிரேமலா உள்ளே வந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. லோஷினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக் புத்தகத்தைத் தேடி எடுத்தாள்.

"நானும் வரேன்க்கா, கார் இருக்கு."

"வேணாம்," என்றாள். "நாங்க பஸ்ல போய்க்கிறோம்."