தாய்மாமன் சைக்கிள்

காசிராஜன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்பது கோவில்பட்டி வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஓட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில்தான் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மண்பானை வாங்கிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வரும் பிள்ளைகள் படித்துவிட்டுக் குடிக்கட்டும் என்று பானையின் வயிற்றில் தன் பெயரையும் தன் தீப்பெட்டி ஆபீஸின், அதாவது தொழிற்சாலையின், பெயரையும் எழுதிவைத்த மனிதர். அவருடைய ஒரே தங்கை பேபிக்கு இதெல்லாம் ஊரைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்த அண்ணனை நம்பித்தான் அவள் ஒரு பெரிய காரியத்தைப் பணயம் வைத்திருந்தாள்.

காரியம் என்பது மகளின் படிப்பு. பேபி வாழ்க்கைப்பட்ட ஊர் எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. பஸ் என்பது அந்த ஊருக்கு மழை மாதிரி, வந்தால் உண்டு. மகள் பூங்கொடி எட்டாவது தேறிவிட்டாள். ஒன்பதாவதுக்கு எப்போதும்வென்றான் போக வேண்டும். இந்த நேரம் பார்த்துச் சித்திரையில் பிள்ளை பெரிய மனுஷியானாள். உடனே நாத்தனார் சந்தனமாரி கிளம்பிவிட்டாள். ஆளான பிள்ளை ஒத்தையில் காட்டுப் பாதையில் நடந்து போவதாவது, வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டட்டும் என்றாள். அந்த ஊரில் தீப்பெட்டி ஒட்டும் வேலையை வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பவளே சந்தனமாரிதான். ஒட்டுகிற கை ஒன்று கூடினால் யாருக்கு ஆதாயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேபியின் புருஷன் முத்துசெல்வம் தங்கமான மனுஷன். ஆனால் மிளகாய்ச் செடி வாடினால்கூட அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பான். அவனை நம்பிப் பயனில்லை என்று பேபியே மல்லுக்கு நின்றாள். நடந்து போவதுதான் குறை என்றால் சைக்கிளில் போகட்டும், சடங்குக்குத் தாய்மாமன் சீராகச் சைக்கிள் வரும் என்றாள். நாலு பெண்கள் கூடியிருந்த இடத்தில் சந்தனமாரி வாயைக் கோணிக்கொண்டு, "சரிட்டி, சைக்கிள் வரட்டும். வந்தா பிள்ள பள்ளிக்கூடம் போகட்டும்" என்றாள். காசிராஜனாவது சைக்கிள் வாங்குவதாவது என்ற தைரியம்தான்.

பேபி கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். அழுதாலும் கெஞ்சினாலும் அண்ணனிடம் செல்லாது. விளாத்திகுளத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் சங்கரபாண்டியன், சடங்குக்குச் சைக்கிள் எடுத்துத் தரலாமா என்று கேட்டதாக ஒரு பொய்யை மட்டும் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாளே காசிராஜன் மேட்ச் ஒர்க்ஸ் ஆட்கள் பெட்டி வாங்கப் போன ஊரிலெல்லாம், முதலாளி மருமகளுக்குப் புதுச் சைக்கிள் எடுக்கிறார் என்று தமுக்கடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வைகாசி முகூர்த்தத்தில் சடங்கு. அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயிலுக்கு அது தெரியவில்லை. மேளத்தோடு சீர் வரிசை தெருவுக்குள் வந்தது. தட்டுகளைத் தூக்கிய பெண்களுக்கு முன்னால், சலவை வேட்டி சட்டையில், கழுத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தங்கச் சங்கிலி மின்ன, காசிராஜனே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் வீடியோக்காரன் பின்பக்கமாக நடந்து வந்தான். லேடீஸ் சைக்கிள். செக்கச்செவேல் என்றிருந்தது. ஹேண்டில்பாரில் மாலை. குலவைச் சத்தம் தெருவை நிறைத்தது. பேபிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனைப் பற்றி இத்தனை வருஷம் நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

அந்த மன்னிப்பு வாசல் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. ஆலாத்தித் தட்டோடு கிட்டே போனவளுக்கு ஒரு வாடை அடித்தது. பெயின்ட் வாடைதான், ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று. தாவணி போடும் முன்பே அப்பாவின் ஆபீஸில் தீக்குச்சி அடுக்கிய சட்டங்களை மெழுகில் முக்கிப் பழகியவள் அவள். அந்த வாடை தூக்கத்தில் அடித்தாலும் சொல்வாள். பொட்டு வைக்கிற சாக்கில் மட்கார்டைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று விரலுக்கு அடியில் நழுவியது.

தீக்குச்சிக்கு முதலில் மெழுகு, அப்புறம் மருந்து. காசிராஜனுக்குத் தெரிந்த சாஸ்திரம் உலகத்தில் அது ஒன்றுதான். அதையே சைக்கிளுக்கும் செய்திருக்கிறார் என்று பேபிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆபீஸில் கிடந்த ஏதோ ஒரு பழைய சைக்கிளைப் பிரித்து, துருப்பிடித்த பள்ளமெல்லாம் மூடும்படி மெழுகில் முக்கி, அதன்மேல் பெயின்டை ஊற்றியிருக்கிறார். அந்தச் சிவப்பும் எங்கேயோ பார்த்த சிவப்புதான். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மணல் நிரப்பித் தொங்கும் தீயணைப்பு வாளிக்கு அடித்த மிச்சம். பெயின்டுக் கடையில் ஒரு டப்பா வாங்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

அண்ணனை அங்கேயே நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கூட்டத்தில் சந்தனமாரி நிற்கிறாளே. விஷயம் வெளியே தெரிந்தால் பூங்கொடி பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரிதான். பேபி பல்லைக் கடித்துக்கொண்டு, சைக்கிளை நிழலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"சீருன்னா நாலு பேரு பாக்கணும்ட்டி. வெளிச்சத்துல அங்கனயே நிக்கட்டும்" என்றார் அண்ணன்.

நட்டநடு வெயிலில், பந்தலுக்கு வெளியே சைக்கிள் நின்றது. மைக்கில் ஒருவன் தாய்மாமன் சீரை மூன்றாம் தடவையாக அறிவித்துக்கொண்டிருந்தான். காசிராஜன் சீட்டில் கைவைத்து, இடுப்பில் கைவைத்து, மருமகளைப் பக்கத்தில் நிறுத்தி, நிறுத்தாமல் என்று விதவிதமாகப் படம் பிடித்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் பேபி, தன் நிழலையாவது அந்தச் சைக்கிள்மேல் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பொம்பளையின் நிழல் எவ்வளவு தூரத்துக்கு எட்டும். பின் மட்கார்டு ஓரத்தில் சிவப்பு மெல்ல மடிந்து தொங்க ஆரம்பித்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அத்தைக்காரியின் உரிமை. சந்தனமாரி கிண்ணத்தோடு வந்தாள். செயின் கவரில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தாள். விரலோடு சிவப்பும் சேர்ந்து இழுபட்டது. அவள் விரலைப் பார்த்தாள், செயின் கவரைப் பார்த்தாள், பிறகு நகத்தால் ஓரத்தைக் கிள்ளி ஒரே இழுப்பு. அவித்த பனங்கிழங்குத் தோல் மாதிரி அந்தச் சிவப்பு முழுசாக உரிந்து அவள் கையில் வந்தது. அடியில் வெயிலில் இளகிய மெழுகு. மெழுகுக்கு அடியில் கறுப்பு. கறுப்பில் மஞ்சள் எழுத்து: காசிராஜன் மேட்ச் ஒர்க்ஸ்.

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். அடுத்த வீட்டு வெயிலுகந்தம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இது நம்ம பெட்டி வண்டில்லா. எத்தன வருசமா இதுல மூடை ஏத்தி விட்டுருக்கேன்."

சிரிப்பு பந்தலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை போனது. அந்தக் கூட்டத்தில் பெட்டி ஒட்டாத கை எது? எல்லாருக்கும் அந்த வண்டியைத் தெரியும். காசிராஜனின் சலவை வேட்டியில் தொடைப்பக்கம் சிவப்புத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடியது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பெயின்ட் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "வேன்ல ஏத்துங்கலே. அடுத்த வாரம் புதுசு அனுப்புதேன்" என்றார்.

அந்த அடுத்த வாரம் எப்படிப்பட்டது என்று பேபிக்குத் தெரியும். ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தருவதாக அவர் சொன்னதும் ஓர் அடுத்த வாரம்தான். அந்தப் பெண்களில் சிலர் பாட்டியாகிவிட்டார்கள், இன்னும் ஓடை மறைவுக்குத்தான் போகிறார்கள். சந்தனமாரி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சைக்கிள் வேன் ஏறினால் மகளின் ஒன்பதாவதும் அதோடு ஏறிவிடும். பேபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிடப் பெரிசாகக் கோபம் வந்தது. கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் சிவப்பு.

"ஆலாத்தி எடுத்து இறக்குன சீரைத் திருப்பி அனுப்புத வழக்கம் இந்த ஊர்ல கிடையாதுண்ணே. இது இங்கனதான் நிக்கும்."

அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. சந்தனமாரியிடம் திரும்பினாள்.

"மதினி, சைக்கிள் வந்தா பிள்ள போகட்டும்னு நாலு பேரு முன்னால சொன்னிய. வந்துட்டு."

"இதா சைக்கிளு? இதுல போனா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். எம்மவ பேரா அதுல எழுதியிருக்கு?"

சந்தனமாரி பதிலைத் தேடிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். எப்போதும் அங்கிருந்துதான் அவளுக்கு ஒரு தலையாட்டல் கிடைக்கும். முத்துசெல்வம் எழுந்து வந்தான். குனிந்து பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அது நிற்கும்வரை பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "ஓடுது" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து பேபி எதிர்பார்த்த ஒரு சொல் அன்றைக்குத்தான் வந்தது.

காசிராஜன் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். போகும்போது வீடியோக்காரனிடம் கேசட்டை வாங்கிக்கொள்ள மறக்கவில்லை.

புதுச் சைக்கிள் வரவில்லை; வரும் என்று யாரும் பார்த்திருக்கவும் இல்லை. வந்தது வெயிலுமுத்து. ஆபீஸில் மருந்து முக்குகிற ஆள். கையில் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட், ஒரு பிரஷ். செயின் கவரில் இருக்கும் பெயரை மட்டும் அழித்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். பேபி அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மெழுகு வேண்டாம் முதலாளி, பெயின்ட் பிடிக்காது என்று தான் எவ்வளவோ சொன்னதாகவும், குச்சியே பிடிக்கும்போது இரும்பு பிடிக்காதா என்று அவர் அறிவுக் கேள்வி கேட்டதாகவும் அவன் சொன்னான். கறுப்புப் பெயின்டை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னாள் பேபி. வீட்டில் ஆட்டுக் கொட்டில் கதவு ரொம்ப நாளாகப் பெயின்ட் பார்க்காமல் கிடந்தது. டப்பா அதற்குச் சரியாக இருந்தது.

சைக்கிளைத் தாயும் மகளும் உட்கார்ந்து சுரண்டினார்கள். வெந்நீர் ஊற்றி, சாக்குத் துணியால் தேய்த்து, தீயணைப்பு வாளிச் சிவப்பு ஒரு பொட்டு இல்லாமல் எடுத்தார்கள். செயின் கவரைத் துடைக்கும்போது மட்டும் பேபி மகளை விடவில்லை, தானே துடைத்தாள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் மஞ்சள் எழுத்து நேற்று எழுதியது போல் பளிச்சென்று வந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பூங்கொடி தினமும் காலையில் அந்தப் பெயரை வைத்து மிதித்துக்கொண்டு போகிறாள், சாயங்காலம் கொண்டுவந்து சேர்க்கிறாள். வழியில் இருக்கும் ஊரெல்லாம் பெட்டி ஒட்டுகிற ஊர். கோவில்பட்டியிலிருந்து ஆபீஸ் ஆட்கள் பெட்டி வாங்க வரும்போது, பெண்கள் எண்ணிக் கொடுத்துவிட்டு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்கிறார்களாம்:

"உங்க மொதலாளி தெனமும் இந்தப் பக்கமா பள்ளிக்கூடம் போறாவளே. எத்தனாங் கிளாஸு படிக்காவ?"