பெட்டிக்குத் தெரிந்த இளையதம்பி

விசுவமடுவில் என் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பாமலே, மூன்று மைல் தள்ளிப் பூட்டிக் கிடந்த கமக்காரர் சங்கக் கந்தோருக்குள் போய் வந்தவன் நான். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கந்தோர் மூன்று நாள் பூட்டு. எழுதுவினைஞர் தேனுகா சாவியோடு நெளுக்குளத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் குளம் விடுமுறை எடுப்பதில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சிறுபோகப் பயிருக்கான தண்ணீர்க் கூட்டம். மறுநாள் மடை திறப்பு.

இந்த முறை வாய்க்காலின் கடைசிக் காணிக்கே முதல் தண்ணீர் என்று எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தோம். கடைசிக் காணி வீரம்மாவுடையது. சென்ற வருடம் தண்ணீர் அவர் வரம்பைத் தொடுமுன் பயிர் கருகிவிட்டது. முதல் காணிக்காரர் பரமலிங்கமோ, "கையெழுத்தைக் காட்டினா விடுறன். இல்லாட்டிப் பழைய முறைதான்" என்று சொல்லிவிட்டார்.

கையெழுத்துத் தாள் கந்தோர் அலுமாரிக்குள். அதன் படம் கந்தோர்ப் பெட்டிக்குள். பெட்டி என்றால் இரும்புப் பெட்டியல்ல. சங்கத்துக் கடதாசியெல்லாம் படமாகக் கிடக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி. இணையத்தில் சங்கத்தின் தனிப்பாதையால் நுழைந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திறக்கும். செயலாளர் என்பதால் என் வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்த உரிமை.

கூட்டத்தன்று காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். முதலில் இணையமே இல்லை. ரௌட்டரை நீட்டு வயரோடு வேப்பமரக் கவட்டில் ஏற்றினேன். உடனே அலை வந்தது. எவ்வளவு வந்ததென்றால், பூநகரியில் மீன் ஏலம் கூறுவதுகூடக் கேட்டது. திருக்கை மலிவு.

தனிப்பாதையில் பச்சை விளக்கு எரிந்தது. கோப்புறை மட்டும் திறக்கவில்லை. தேனுகாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, கொம்பியூட்டர் தன்ர பெயரைக் குடுத்துக்கொண்டு நிக்குது. சேமிச்சு வைச்சதை அழிச்சுப்போட்டு உங்கட பெயரை நீங்களே அடியுங்கோ."

"எந்தப் பெயர் பிள்ளை?"

"அடையாள அட்டையில இங்கிலீசில இருக்கிற மாதிரித்தான் பதிஞ்சனான்."

"பதிஞ்ச பட்டியலை ஒருக்காப் பாத்துச் சொல்லன்."

"அதுவும் பெட்டிக்குள்ளதான் இருக்கு ஐயா."

அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பிழை என்றது.

"கவனம் ஐயா. அஞ்சு தரம் பிழைச்சா ஒரு நாளைக்குப் பூட்டிப்போடும்."

அப்போதுதான் விளங்கியது. தேனுகா பதிந்தபோது என்னிடம் இருந்தது பழைய அட்டை. அது சென்ற வருடம் நான் குளிக்கும்போது, கரையில் வைத்த சட்டையோடு குளத்து முதலைக்குப் போயிற்று. அந்த முதலை இப்போது வாக்காளர் பட்டியலில் இருப்பதாகக் கேள்வி.

எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பதில்லை. இடம்பெயர்ந்த ஊரில் எல்லாம் எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஓர் இளையதம்பி, வாக்காளர் பட்டியலில் இன்னொருவர், நிவாரண அட்டையில் மூன்றாமவர். மூவரும் ஒரே சாரத்தைத்தான் கட்டுகிறோம். மூவரையும் வரிசையாக அனுப்பினேன். மூவரையும் பெட்டி திருப்பி அனுப்பியது.

இனி ஒரே ஒரு தரம். நேரம் ஒரு மணி. படலையில் வீரம்மா சைக்கிளோடு வந்து நின்றார்.

"ஐயா, இந்த வாட்டியாவது நமக்குத் தண்ணி வருங்களா?"

நான் திரையைப் பார்த்தேன். குசினிக்குள்ளிருந்து என் மனைவி விமலேஸ்வரி கேட்டார்:

"இஞ்சேருங்கோ, உர வரிசையில உரம் குடுத்த ஐயா உங்கட பழைய அட்டையை வாசிச்சு என்னெண்டு கூப்பிட்டவர்?"

"ஞாபகமில்லை."

"எனக்கு இருக்கு. 'எலியதம்பி'. நிண்ட சனமெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சது."

"அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

"நடந்தது. முதல் எழுத்து இங்கிலீசு ஈ. அதுக்குப் பிறகு எல், ஐ. நானும் எட்டிப் பாத்தனான்."

இத்தனை வருடமும் நான் மறுத்து வந்த கதை அது. ஆனால் வாசலில் வீரம்மா நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு எலியை அடித்தேன்.

பெட்டி திறந்தது.

இரண்டு மணிக்குக் குளக்கட்டுக் கூட்டத்தில், தாளின் படத்தை ஏற்றிய கைபேசியைப் பரமலிங்கத்தின் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இது ஆரின்ர கையெழுத்து, தம்பி?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார்.

"என்ர தான். கந்தோர் பூட்டெல்லே, எப்பிடி எடுத்தனீங்கள் அண்ணை?"

"உள்ளுக்குப் போய் எடுத்தனான். வரேக்க அங்க எரிஞ்ச மேசை லைட்டையும் நிப்பாட்டிப்போட்டு வந்தனான். கரண்ட் வீணாகுது."

பரமலிங்கம் கையோடு கொண்டுவந்திருந்த பழைய முறை அட்டவணையை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலை, மற்ற நாற்பத்திரண்டு காணிகளின் வாயையும் மண் வைத்து அடைத்தோம். பரமலிங்கமும் மண்வெட்டியோடு நின்றார். தண்ணீர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேரே போய் வீரம்மாவின் வரம்புக்குள் இறங்கியது. நான் வாய்க்கால் ஓரமாக அதற்கு முன்னால் நடந்தேன். வழி காட்ட ஆள் வேண்டாமா?

வீரம்மா கணுக்கால் தண்ணீரில் நின்று சொன்னார்: "பெட்டிக்குள்ள இருந்தே தண்ணி எடுத்துட்டீங்களே ஐயா!"

"முழுக்க எடுக்கேல்லை வீரம்மா," என்றேன். "மிச்சத்தை அடுத்த போகத்துக்கு விட்டு வைச்சிருக்கிறன்."