டூர் சட்டை

எங்கள் பனியன் கம்பெனி பெருமாநல்லூரில் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் டூர் கூட்டிப்போவார்கள். போகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி டி-சர்ட் தைத்துக் கொடுப்பது வழக்கம். புதுத் துணியில் இல்லை, ஏதாவது ஆர்டரில் கலர் ஒத்துவராமல் நின்றுபோன துணியில். இந்த வருசம் ஆரஞ்சு. நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். அந்தத் துணி வேண்டாம் என்று எழுதியதே நான்தான். அதையே போட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனேன்.

"கேஸ் சிலிண்டர் போடறவங்க மாதிரி இருக்கறோமுங்க" என்றாள் தையல் லைன் அன்புசெல்வி. வழியில் டீக்கடைக்காரர் ஒருவர், எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். என் பக்கத்தில், தைத்து வரும் பீஸைச் சரிபார்த்து மடிக்கும் செக்கிங் மயிலாள் அக்கா, சேலைக்கு மேலே டி-சர்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கருப்புசாமி பின்னால் ஜன்னலோரம் இருந்தார். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். சில வருசமாக மறதி. முதலில் வழி மறந்தது. அப்புறம் சாப்பிட்டது மறந்தது. பொங்கலுக்கு வந்த மகள் சண்முகப்பிரியாவைப் பார்த்து, "யாரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டாராம்.

"என்னைய மட்டும் மறக்கலீங்க கண்ணு" என்றார் அக்கா. சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது. "ஆனா டாக்டரு அதுவும் போயிருமுன்னுட்டாரு. கடலைப் பாக்கோணும்னு கல்யாணமான புதுசுலயிருந்து சொல்லீட்டிருந்தாரு. யாரு கூட வந்து பாக்கறோம்னு தெரியறப்பவே காட்டிப்போடணுமுங்க."

விடியும்போது கரையில் நின்றோம். தண்ணீரெல்லாம் ஆரஞ்சாகிக்கொண்டு வந்தது. கருப்புசாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தார்.

"இதென்ன மயிலா, இத்தனை கலர்த்தண்ணி? எந்தப் பட்டறையில உட்டாங்க?"

எல்லாரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தார். அந்த நேரத்தில் ஒரு அலை வந்து கருப்புசாமியைக் கழுத்துவரை நனைத்தது. அவரும் சிரித்தார்.

அக்கா அவரைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்து வேட்டி மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். ஈர டி-சர்ட்டைப் பிழிந்து, உதறி, வெயில் படட்டும் என்று அவரைத் தள்ளி உட்காரவைத்து, ஜன்னலோரச் சீட்டின் முதுகில் மாட்டினார். செக்கிங்கில் கை பழகிவிட்டதால் சும்மா போடத் தெரியவில்லை. கழுத்தை நேராக்கி, தோளைச் சரிசெய்து, கைகளை இருபக்கமும் தொங்கவிட்டு, ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல மாட்டினார்.

"எந்திரிக்காதீங்க மாமா. டீ வாங்கிட்டு இப்ப வந்தர்றேன்."

டீக்கடையில் கூட்டம். நாங்கள் டம்ளரோடு வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆள் எண்ணியது சூப்பர்வைசர் பிரபாகர். தென்காசிப் பக்கத்துக்காரர். படியில் நின்று, முகம் பார்க்காமல், பண்டலில் பீஸ் எண்ணுவதுபோல ஆரஞ்சாக மட்டும் எண்ணிக்கொண்டு போனார். கணக்கு சரியாக இருந்தது.

"தம்பி, அவரு இருக்காருங்களா?" என்று அக்கா முன்னாலிருந்து கேட்டார்.

"இருக்காருக்கா. ஜன்னல்ல சாஞ்சு தூங்குதாரு."

"அப்ப எழுப்ப வேண்டாமுங்க" என்று டீயை அக்காவே குடித்தார்.

திற்பரப்பு அருவியில் எல்லாரும் இறங்கினோம். அக்கா துண்டோடு படிக்குக் கீழே நின்றார். கடைசி ஆளும் இறங்கிய பிறகு உள்ளே போனார். நானும் போனேன். சீட்டில் சட்டை மட்டும் இருந்தது. காய்ந்துபோய், உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

பஸ்ஸைத் திருப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பிரபாகர் போலீசுக்கும் தெரிந்தவர்களுக்கும் போன் செய்தபடியே இருந்தார். நடுவில் அக்காவிடம் வந்து, "அடிச்சாக்கூட வாங்கிக்கிடுதேன்க்கா" என்றார்.

"நாந்தானுங்க தம்பி அப்படி மாட்டுனேன்."

ரப்பர் தோட்டங்களும் வாழையும் குளங்களும் ஜன்னலில் போயின. அக்கா எதையும் பார்க்கவில்லை. மடியில் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பஸ் நின்றிருந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமர நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கலரைப் பார்த்ததும் எழுந்தார். அக்கா ஓடினார்.

"பெருமாநல்லூர்க் கம்பெனிங்களா?" என்று அவர் கேட்டார்.

அக்கா நின்றுவிட்டார்.

"ஆமாங்க."

"எங்கூட்டுக்காரி உங்க கம்பெனிதானுங்க. இதே சட்டைதான். டீ வாங்கப் போனா. தேடிப் பாத்தேன், காணோம். நீங்க எங்காச்சும் பாத்தீங்களா?"

"மாமா, நாந்தானுங்க. மயிலா."

அவர் அக்காவின் முகத்தை மரியாதையாகப் பார்த்தார். பிறகு அவர் கண் அக்காவைத் தாண்டி, இறங்கி வரும் ஒவ்வொரு ஆரஞ்சுச் சட்டையையும் பார்த்தது.

"அவ பேரும் மயிலாதானுங்க" என்றார்.

பஸ்ஸில் ஏறச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். அவள் வந்து தேடுவாள், ஆளைக் காணாவிட்டால் பயந்துபோவாள் என்றார். பிரபாகர் கெஞ்சினார். அன்புசெல்வி கைபிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் வேப்பமரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனார்.

"அவங்க முன்னாடி வண்டியில போயிட்டாங்க. உங்களைப் பத்திரமா ஊட்டுக்குக் கூட்டியாரச் சொன்னாங்க."

"எங்கிட்டச் சொல்லாமயா போயிட்டா?"

"அவசரமுங்க."

"அப்படிப் போறவ இல்லீங்களே." குரல் இறங்கிப்போனது. மரத்திலிருந்து கையை எடுத்தார்.

ஆண்கள் பக்கத்தில் அக்காவுக்கு இடம் விட்டார்கள். நானும் பின்னால் போய் அவர்களுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகள் இருபக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் பாட்டுப் போடவில்லை.

"ஏனுங்கம்மா" என்றார் அவர். "அவ கடலைப் பாத்தாளா?"

"பாத்தாங்க."

"நல்லா பாத்தாளாமா?"

"நல்லா பாத்தாங்க."

அவர் தலையாட்டினார். பஸ் ஒரு வளைவில் திரும்பியதில் அக்காவின் தோள் அவர்மேல் பட்டது. தெரியாத பெண்ணுக்கு இடம் விடுவதுபோல, அவர் ஜன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.